வெளிநாட்டு சர்வரில் இருக்கும் உங்கள் தகவலை எந்த அரசாங்கம் எடுக்க முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி உண்டு. "அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான், தப்பிக்கவே முடியாது" என்பது ஒரு கட்சி. "சர்வர் வெளிநாட்டில் இருக்கு, உள்ளூர் போலீஸால் ஒண்ணும் பண்ண முடியாது" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் பாதி சரி, அதனால்தான் சண்டை முடிவதே இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல, உங்கள் மேல் உண்மையிலேயே ஒரு வழக்கு இருந்தால் இதை மூடிவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

என் மெயில் வேறொரு நாட்டு சர்வரில் இருந்தால் அந்த நாட்டுச் சட்டம்தானே பொருந்தும்?

அந்த நாட்டுச் சட்டமும் பொருந்தும். அது மட்டும்தான் என்று நினைத்தால் சிக்கல். ஒரே மெயிலுக்கு ஒரே சமயத்தில் மூன்று நான்கு நாடுகள் உரிமை கொண்டாடலாம்: நீங்கள் வசிக்கும் நாடு, சர்வர் இருக்கும் நாடு, சேவை தரும் நிறுவனத்தின் தாய்நாடு, அப்புறம் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் எங்கே உட்கார்ந்து அந்த சர்வருக்குள் நுழைகிறார்களோ அந்த நாடு. நடைமுறையில் பெரும்பாலும் கை ஓங்கியிருப்பது நிறுவனத்தின் தாய்நாட்டுக்குத்தான். போலீஸ் சர்வர் அறையின் கதவை உடைத்து ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் அபூர்வம். நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு போகும், அதற்கென்றே இருக்கும் பிரிவில் ஒருவர் தன் மேஜையிலிருந்தே உங்கள் கணக்கைப் பிரதி எடுத்து அனுப்பிவிடுவார், அவ்வளவுதான். அதனால் டிஸ்க் எந்த ஊரில் சுழல்கிறது என்று தேடுவதைவிட, அதைத் திறக்கக்கூடிய ஆளை எந்த அரசு உத்தரவு போட்டுப் பணிய வைக்க முடியும் என்று பாருங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விரிவுதான்.

என் தகவல் எந்த நாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

காசு கொடுத்து கிளவுட் வாங்கும் நிறுவனங்களுக்கு முடியும், எந்தப் பிராந்தியம் என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முடியாது. 2017இல் பிலடெல்பியாவில் நடந்த ஒரு வழக்கில் கூகுள் நீதிமன்றத்திடம் சொன்னது இதுதான்: பயனர் தகவலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் வைக்கிறோம், கணினி அமைப்பே அவற்றை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அதாவது வாரன்ட் வருகிற நேரத்தில் ஒரு மெயில் இருந்த நாடு, அதை எடுக்கிற நேரத்தில் மாறியிருக்கலாம். நீதிபதி இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி, கொடுங்கள் என்றுதான் உத்தரவிட்டார்.

எல்லோரும் சொல்லும் அந்த "அயர்லாந்து வழக்கு" என்ன?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இன்றைக்கு இருக்கும் நிலைமை இந்த வழக்கிலிருந்து பிறந்ததுதான்.

2013 டிசம்பரில், ஒரு போதைப்பொருள் விசாரணைக்காக நியூயார்க்கில் ஒரு நீதிபதி மைக்ரோசாஃப்டுக்கு வாரன்ட் கொடுத்தார். ஒரு மெயில் கணக்கு முழுவதும் வேண்டும். அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்டின் ஏற்பாடு எப்படி என்றால், கணக்கு தொடங்கும்போது நீங்கள் எந்த நாடு என்று குறிப்பிடுகிறீர்களோ அதை வைத்து அருகிலுள்ள தரவு மையத்துக்கு உங்கள் மெயிலை அனுப்பிவிடுவார்கள். இந்தக் கணக்கின் மெயில்கள் டப்ளினுக்குப் போயிருந்தன. கணக்கு பற்றிய சில்லறை விவரங்கள் அமெரிக்காவிலேயே இருந்தன. மைக்ரோசாஃப்ட் அவற்றைக் கொடுத்துவிட்டு, மெயிலின் உள்ளடக்கம் அயர்லாந்து மண்ணில் இருக்கிறது, வேண்டுமானால் அயர்லாந்து அரசைக் கேளுங்கள் என்று மறுத்தது.

அரசுத் தரப்பு வாதம் இப்படிப் போனது: உங்கள் ஊழியர் அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே அந்த மெயிலைத் திறக்க முடியும், எங்கள் அதிகாரி யாரும் டப்ளினுக்குப் போகப் போவதில்லை, பிறகு இதில் எல்லை எங்கே வந்தது? மைக்ரோசாஃப்ட், தனியுரிமையில் கைவைப்பது மெயில் எங்கே இருக்கிறதோ அங்கே நடக்கிறது என்றது. எனக்குக் கேட்டால் இரண்டு வாதத்திலுமே சத்து இருந்தது. பிரச்சினை சட்டத்தில்தான். அவர்கள் அலசிக்கொண்டிருந்தது 1986இல் எழுதிய சட்டத்தை. உங்கள் மெயில் இன்னொரு கண்டத்தில் கிடக்கும் என்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மைக்ரோசாஃப்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனது, 2018 பிப்ரவரியில் வாதங்களும் முடிந்தன. தீர்ப்புக்காக எல்லோரும் காத்திருக்கும்போது மார்ச் 23ஆம் தேதி ஒரு பெரிய பட்ஜெட் மசோதாவோடு சேர்த்து நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றிவிட்டது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இனி தீர்ப்புச் சொல்ல இதில் எதுவும் மிச்சமில்லை என்று வழக்கை முடித்துக்கொண்டது.

அந்தப் புதுச் சட்டம்தான் கிளவுட் சட்டமா? என்ன சொல்கிறது?

ஆமாம். அதன் முதல் பாதி ஒரே வரியில் அடங்கும். அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சேவை நிறுவனம், தன் வசமோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் தகவலை முறையான உத்தரவு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும், அது அமெரிக்காவுக்குள் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி. டப்ளின் வாதம் அதோடு செத்தது.

இதைப் படித்துவிட்டு "இனி அமெரிக்கப் போலீஸ் யார் மெயிலையும் நினைத்தபடி படிக்கலாம்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. மெயிலின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் குற்றம் நடந்ததற்கு நியாயமான முகாந்திரம் காட்டி நீதிபதியிடம் வாரன்ட் வாங்க வேண்டும், அது மாறவில்லை. அந்த வாரன்டின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் மாறியது. பயப்பட வேண்டியது இதைவிட அடுத்த கேள்விக்கு.

உளவு அமைப்புகளுக்கும் வாரன்ட் வேண்டுமா?

நீங்கள் அமெரிக்கர் இல்லை, அமெரிக்காவில் வசிக்கவும் இல்லை என்றால், உங்களுக்கென்று தனியாக ஒரு வாரன்ட் தேவையில்லை. அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008இல் வந்த 702ஆம் பிரிவு என்ற ஏற்பாட்டின்படி, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரின் தகவலை உளவுக் காரணங்களுக்காக அமெரிக்க நிறுவனங்களிடமிருந்தே வாங்கலாம். ரகசிய நீதிமன்றம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை மொத்த நடைமுறைக்கு ஒப்புதல் தரும், ஒவ்வொரு பெயரையும் பார்த்துத் தீர்மானிக்காது. குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, வெளிநாட்டு உளவுத் தகவல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால் போதும். அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளியே சொன்ன ப்ரிஸம் என்ற ரகசியத் தகவல் சேகரிப்புத் திட்டம் இந்தப் பிரிவின் கீழ் நடந்ததுதான். அமெரிக்க அரசே வெளியிட்ட கணக்குப்படி 2023இல் இதன் கீழ் குறிவைக்கப்பட்டவர்கள் சுமார் 2,68,000 பேர். 2024 ஏப்ரலில் இதை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள்.

நியாயமில்லாத சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் காப்பாற்றாதா என்று கேட்பவர்களுக்கு: 1990இல் மெக்சிகோவில் ஒருவர் வீட்டைச் சோதனை போட்ட வழக்கில், வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர் அல்லாதவரின் சொத்துக்கு அந்தப் பாதுகாப்பு நீளாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஐரோப்பா இதை எதிர்த்து ஏதோ செய்ததே?

செய்தது, இன்னும் செய்துகொண்டிருக்கிறது. மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர், சட்ட மாணவராக இருந்த காலத்திலேயே பேஸ்புக் மேல் புகார் கொடுக்க ஆரம்பித்தவர், தன் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்பினால் அங்கே உளவு அமைப்புகளிடமிருந்து அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று வாதாடினார். ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்புக்கொண்டு 2015 அக்டோபரில் அட்லாண்டிக்கைத் தாண்டித் தகவல் அனுப்புவதற்கான அப்போதைய ஏற்பாட்டை ரத்து செய்தது. புதிதாக ஒன்று போட்டார்கள், 2020 ஜூலையில் அதுவும் ரத்து. 2023இல் மூன்றாவது ஏற்பாடு வந்தது, 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ஒரு சவாலைத் தள்ளுபடி செய்ததால் அது உயிரோடு இருக்கிறது. நடுவில் 2023 மே மாதம் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் போட்டது, காரணம் அதேதான்.

இவ்வளவும் நடந்த பிறகும் 702ஆம் பிரிவு தன் போக்கில் இருக்கிறது. ரத்தானதெல்லாம் தகவலை அனுப்புவதற்கான அனுமதிதான். வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு ஐரோப்பிய நீதிமன்றத்தால் என்ன செய்துவிட முடியும்?

சரி, அமெரிக்காவை விடுங்கள். வேறொரு நாட்டுப் போலீஸுக்கு அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கும் மெயில் வேண்டும். எப்படி வாங்குவார்கள்?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. யார், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து உள்ளே வந்தார், கணக்கு எந்தத் தொலைபேசி எண்ணில் தொடங்கப்பட்டது போன்ற மேல்விவரங்களை அமெரிக்க நிறுவனம் வெளிநாட்டுப் போலீஸுக்கு நேரடியாகவே கொடுக்கலாம், அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனி இணைய வாசல் வைத்திருக்கின்றன. ஓர் ஆளைக் கண்டுபிடிக்க இது போதும், மெயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது பல விசாரணைகளில் தேவையே படாது.

உள்ளடக்கம் வேண்டுமென்றால் பாதை நீளம். அதன் பெயர் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம், சுருக்கமாக எம்லாட். விசாரணை அதிகாரி தன் நாட்டு நீதிமன்றத்தில் கடிதம் வாங்கி, தன் நாட்டு அமைச்சகத்துக்கு அனுப்பி, அவர்கள் அதை வாஷிங்டனில் உள்ள நீதித்துறைக்கு அனுப்பி, அங்கே ஒருவர் அதைப் படித்து "முகாந்திரம் போதாது, இந்தத் தேதிக்கு ஆதாரம் என்ன" என்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பி, பதில் வந்த பிறகு ஓர் அரசு வக்கீல் அமெரிக்க நீதிபதியிடம் வாரன்ட் வாங்கி, நிறுவனம் தகவலைக் கொடுத்து, சம்பந்தமில்லாததை வடிகட்டி, அப்புறம் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒபாமா அமைத்த ஆய்வுக் குழு 2013இல் இதற்குச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது என்று எழுதியது. உள்ளூரில் நடந்த கொலை, கொலையாளியும் உள்ளூர், செத்தவரும் உள்ளூர், மெயில் மட்டும் அமெரிக்க நிறுவனத்திடம் என்றால், விசாரணை அதிகாரிக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது. தனியுரிமை பேசுகிறவர்கள் (நானும் அந்தக் கூட்டம்தான்) இந்த எரிச்சலைக் கண்டுகொள்ளாமல் போவது சரியில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நிறுவனம் தானாகவே கொடுக்கலாம் என்ற விதிவிலக்கு இருக்கிறது, அது வேறு.

இந்தத் தாமதத்துக்கு மாற்று வழி வந்துவிட்டதா?

சில நாடுகளுக்கு. கிளவுட் சட்டத்தின் இரண்டாம் பாதி இதற்காகத்தான்: அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்ட நாடு, தன் நாட்டு உத்தரவை நேரடியாக அமெரிக்க நிறுவனத்துக்கே அனுப்பலாம், அமெரிக்கரைக் குறிவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிரிட்டனின் ஒப்பந்தம் 2022 அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவினுடையது 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் தனக்குள் வேறொரு விதி செய்திருக்கிறது: ஓர் உறுப்பு நாட்டின் உத்தரவுக்கு இன்னொரு உறுப்பு நாட்டில் உள்ள நிறுவனம் 10 நாளில் பதில் தர வேண்டும், அவசரமென்றால் 8 மணி நேரத்தில். அது 2026 ஆகஸ்ட் 18 முதல் பொருந்தும் என்று வைத்திருக்கிறார்கள்.

வேகம் நல்லதுதான். ஆனால் பழைய பாதையில் நடுவில் ஓர் அமெரிக்க நீதிபதி உட்கார்ந்து "இது எதற்கு?" என்று கேட்டார், புதிய பாதையில் அந்த நாற்காலியில் யாரும் இல்லை. அந்தக் கேள்வியை இனி கேட்க வேண்டியவர்கள் நிறுவனத்தின் வக்கீல்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நீங்கள் இல்லை.

நிறுவனம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டால்?

உள்ளூரில் இருக்கும் ஆளைப் பிடிப்பார்கள். 2016 மார்ச்சில் பிரேசிலில், வாட்ஸ்அப் தகவல் தரவில்லை என்பதற்காகப் பேஸ்புக்கின் லத்தீன் அமெரிக்கத் துணைத் தலைவரைப் போலீஸ் கைது செய்தது. நிறுவனம் வேறு, தகவல் தங்களிடம் இல்லவே இல்லை என்று வாட்ஸ்அப் சொல்லிக்கொண்டிருக்கிறது, இருந்தாலும் அவர் ஓர் இரவு உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தார். உள்ளூரில் ஆளே இல்லாவிட்டாலும் விடுவதில்லை. பெல்ஜியத்தில் யாஹூவுக்கு அலுவலகமே கிடையாது, ஆனாலும் உள்ளூர் மொழியில் சேவை தருகிறாய், உள்ளூர் விளம்பரம் காட்டுகிறாய், ஆகவே எங்கள் சட்டத்துக்குள் வருகிறாய் என்று 2015 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் யாஹூ மீதான அபராதத்தை உறுதி செய்தது.

அப்படியானால் எல்லா நாடும் "சர்வரை எங்கள் நாட்டிலேயே வை" என்று சட்டம் போட்டால் தீர்ந்துவிடாதா?

யாருக்குத் தீரும் என்பதைப் பொறுத்தது. ரஷ்யாவில் அப்படி ஒரு சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது, கேட்காத லிங்க்ட்இன் 2016 நவம்பரில் அங்கே முடக்கப்பட்டது. சீனாவில் ஆப்பிள் 2018 பிப்ரவரியில் அந்நாட்டுப் பயனர்களின் ஐகிளவுடைக் குய்சோ மாகாண அரசுக்குத் தொடர்புள்ள ஒரு நிறுவனத்தின் கைக்கு மாற்றியது. இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் பணப் பரிவர்த்தனைத் தகவல் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்றது, அதைப் பின்பற்றவில்லை என்று 2021 ஜூலையில் மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளர் சேர்க்கத் தடை போட்டு 2022 ஜூனில் எடுத்தது. ரிசர்வ் வங்கி கேட்டது மேற்பார்வைக்கு, நியாயமான தேவை. ஆனால் எல்லாத் தகவலையும் உள்ளே கொண்டுவா என்று ஓர் அரசு சொல்லும்போது, வெளிநாட்டு உளவாளியிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தன் போலீஸுக்கு வசதி செய்துகொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாதாரண மனிதனை நள்ளிரவில் வந்து கதவைத் தட்டக்கூடியது உள்ளூர் அரசுதான்.

ஐரோப்பாவில் இருக்கும் தரவு மையத்தை அமெரிக்க நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தால் பாதுகாப்புதானே? விளம்பரத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

2025 ஜூனில் பிரெஞ்சு செனட் குழு முன்னால் மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்ட விவகார அதிகாரியிடம் கிட்டத்தட்ட இதையே கேட்டார்கள்: பிரெஞ்சுக் குடிமக்களின் தகவல், பிரெஞ்சு அதிகாரிகளின் சம்மதமில்லாமல் அமெரிக்க அரசுக்குப் போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா? உறுதிமொழி எடுத்துக்கொண்டு பேசிய அவர், தர முடியாது என்றார், இதுவரை அப்படி நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். விளம்பரத்தைவிட அந்தப் பதில் நேர்மையானது.

அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை இது. 2025 மே மாதம் அயர்லாந்து ஆணையம் டிக்டாக்குக்கு 53 கோடி யூரோ அபராதம் போட்டது. ஐரோப்பியர்களின் தகவலைச் சீனாவிலிருந்து ஊழியர்கள் திறந்து பார்க்க முடிந்தது, அதுவே தகவலை வேறு நாட்டுக்கு அனுப்பியதாகக் கணக்கு. சீனாவின் 2017 உளவுச் சட்டமோ, எல்லா நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது.

என்கிரிப்ஷன் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?

என்கிரிப்ஷன் என்றால் தகவலைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது. அந்தச் சாவி யாரிடம்? இந்த ஒன்றைக் கேளுங்கள், மற்றதெல்லாம் தானாகத் தெளியும். "உங்கள் தகவல் என்கிரிப்ட் செய்து வைக்கப்படுகிறது" என்று கிளவுட் நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை, ஆனால் சாவியும் அவர்களிடமே இருக்கும். உத்தரவு வந்தால் திறந்து கொடுப்பார்கள். முனைக்கு முனை என்கிரிப்ஷன் என்றால் சாவி உங்கள் கருவியில் மட்டும் இருக்கும், நிறுவனம் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க அதனிடம் ஒன்றும் கிடையாது.

ஆனால் ஓட்டை எங்கே விழும் தெரியுமா, பேக்கப்பில். வாட்ஸ்அப் செய்தி முனைக்கு முனை பூட்டியதுதான், அதை அப்படியே கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ பேக்கப் எடுக்கும்போது அந்தப் பேக்கப்புக்கும் பூட்டு வேண்டுமென்றால் அமைப்புகளில் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். இந்த வசதி 2021 முதல் இருக்கிறது. ஆப்பிளிலும் மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு என்ற அமைப்பை இயக்கினால்தான் ஐகிளவுட் பேக்கப்பின் சாவி உங்களிடம் வரும், அப்போதும் ஐகிளவுட் மெயில், தொடர்புகள், நாட்காட்டி மூன்றும் அதற்குள் அடங்காது.

அரசுகளுக்கு இது தெரியாமல் இல்லை. பிரிட்டன் தன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆப்பிளுக்கு, பூட்டிய ஐகிளவுட் தகவலைத் திறக்க வழி செய்யச் சொல்லி ரகசிய ஆணை ஒன்று அனுப்பியதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. அதே மாதம் ஆப்பிள் அந்த அமைப்பைப் பிரிட்டனில் புதியவர்களுக்கு நிறுத்தியது.

விபிஎன் போட்டால்?

விபிஎன் உங்கள் இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிட்டு, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மறைக்கும். சர்வரில் ஏற்கெனவே கிடக்கும் மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என் தகவலை எடுத்தார்கள் என்று எனக்குச் சொல்வார்களா?

சில நிறுவனங்கள் சட்டம் தடுக்காத வரை சொல்வோம் என்று கொள்கை வைத்திருக்கின்றன. "தடுக்காத வரை" என்பதில்தான் விஷயம். அமெரிக்க நீதிமன்றங்கள் வாரன்டோடு வாய்ப்பூட்டு உத்தரவும் போடலாம். இவை முடிவுத் தேதியே இல்லாமல் குவிகின்றன என்று மைக்ரோசாஃப்ட் 2016இல் அரசு மேல் வழக்குப் போட்டது, அடுத்த ஆண்டு நீதித்துறை, பொதுவாக ஓர் ஆண்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்று தன் வக்கீல்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது, வழக்கும் வாபஸ். 702இல் தனிநபருக்குத் தகவல் சொல்வது என்ற பேச்சுக்கே பொதுவாக இடமில்லை. நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் மொத்த எண்ணிக்கை மட்டும் பார்க்கலாம்.

சரி, நடைமுறையில் நான் என்ன செய்யட்டும்?

யாரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். உள்ளூர் அதிகாரிதான் கவலை என்றால், வலுவான சட்டமுள்ள வேறு நாட்டு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பது உண்மையிலேயே உதவும், மேலே சொன்ன அந்த நீண்ட பாதை உங்களுக்குக் கவசம். அமெரிக்க உளவு அமைப்புதான் கவலை என்றால் சர்வரை எங்கே நகர்த்தினாலும் பெரிய பயனில்லை, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளும் சேவைக்கு மாறுங்கள். பத்திரிகையாளர், வக்கீல், மருத்துவர் போல அடுத்தவர் ரகசியத்தைச் சுமப்பவர்கள் இரண்டையும் செய்ய வேண்டும், ஃபைலை ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் கணினியிலேயே பூட்டிவிட்டு ஏற்றுங்கள். சாவியைத் தொலைத்தால் நிறுவனமும் மீட்டுத் தர முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லோருக்கும், பேக்கப் அமைப்பைச் சரிபார்ப்பதும் பழைய மெயிலைக் குறைப்பதுமே பாதி வேலை.

பிரச்சினை வரும்போல இருந்தால் கணக்கை அழித்துவிடலாமே?

அதற்குள் நேரம் கடந்திருக்கலாம். அமெரிக்கச் சட்டப்படி, அரசுத் தரப்பு ஒரு கடிதம் எழுதினாலே போதும், நிறுவனம் அந்தக் கணக்கை அப்படியே பிரதி எடுத்து 90 நாள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் இன்னொரு 90 நாள். இதற்கு நீதிபதி தேவையில்லை. நீங்கள் அழிப்பது உங்கள் பக்கத்துப் பிரதியை மட்டும்தான். தவிர, விசாரணை நடப்பது தெரிந்தே ஆதாரத்தை அழித்தால் பல நாடுகளில் அதுவே தனிக் குற்றம்.